பேச்சால் நிறைந்த ஒரு வியாழக்கிழமை: பிபிசி ரேடியோ 4ஐ முன்வைத்து

நமது சஞ்சிகைகளில் நூல் விமர்சனம் வருகிறது. நாடக விமர்சனமும் சினிமா விமர்சனமும் இடைக்கிடை வருகின்றன. ஆனால் வானொலி நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, அது எப்படி எழுதப்பட்டது, எப்படிப் பேசப்பட்டது, எங்கே சறுக்கியது என்று யாராவது எழுதி நான் வாசித்தது மிகக் குறைவு. காற்றில் போனது போனதுதான் என்ற எண்ணமாக இருக்கலாம். அல்லது வானொலிக்கு எழுதுவதை எழுத்தாகவே நாம் கணக்கெடுப்பதில்லையோ தெரியவில்லை. இத்தனைக்கும் எனது தலைமுறை எழுத்தாளர்கள் பலர் அச்சில் வருமுன்னரே ஒலிபரப்பில் வந்தவர்கள்.

2019 ஒக்டோபரில் கிழக்கு லண்டனில் மகள் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அதுவரை லண்டன் என்பது எனக்கு ஒரு குரல் மாத்திரமே. இரவு 9.15க்குச் சிற்றலையில் இரைச்சலோடு வந்த தமிழோசையின் குரல். அந்த வானொலிச் சேவை 1941இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுபோனது. மகளின் குசினியில் கோதுமை மா டின்னுக்கும் தேயிலை டின்னுக்கும் நடுவில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி இருந்தது. அதை நான் திருகுவதைக் கண்ட மருமகன், "மாமா, இந்த ஸ்டேஷன்ல பாட்டு வராது. விடிய விடியப் பேச்சுத்தான். உங்களுக்கு அலுத்துப் போகும்" என்றார். அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாட்டு இல்லாமல், விளம்பரமும் இல்லாமல், ஒரு தேசிய வானொலி நாள் முழுவதும் பேச்சை மட்டுமே வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது? ஒரு வியாழக்கிழமை சுபஹுக்கு முன்பிருந்து நள்ளிரவு தாண்டும்வரை, கொப்பியும் பேனையுமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தினேன். அந்த ஒரு நாளைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

ரேடியோ 4 என்ற பெயர் 1967 செப்டெம்பர் 30ஆம் திகதி வந்தது. அதற்கு முன்னர் அது ஹோம் சேர்விஸ். நமது இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியதும் அதே 1967இல், ஜனவரியில். வயதில் இரண்டும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் எனலாம்.

அப்போது நாளின் முதல் நிகழ்ச்சி அதிகாலை 5.20க்கு வரும் கடல்சார் வானிலை அறிக்கை. அது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பெயர்களும் இலக்கங்களும் ஒரே சீராக வந்து போயின. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். ஆனால் கண்ணால் படித்த ஆங்கிலம் வேறு, காதால் கேட்கும் ஆங்கிலம் வேறு என்பது அந்த இருட்டில் நன்றாகவே உறைத்தது. பிறகு ஒரு குட்டிப் பிரார்த்தனை. அதைத் தொடர்ந்து விவசாய நிகழ்ச்சி. பாலின் விலை, கால்நடை நோய். எங்கள் பக்கத்து வட்டவிதானைமார் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

6 மணிக்கு 'டுடே'. 1957இல் தொடங்கிய இந்தக் காலைச் செய்தி நிகழ்ச்சி மூன்று மணித்தியாலம் நீளும். 32 ஆண்டுகள் இதை நடத்திய ஜோன் ஹம்ஃப்ரிஸ் நான் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் விலகியிருந்தார். 8 மணிச் செய்தி முடிந்ததும் வரும் நேர்காணல்தான் இதன் உச்சம். அமைச்சர்கள் அதில் வியர்க்கிறார்கள். கேள்வி கேட்பவர் 'கௌரவ' என்று தொடங்குவதில்லை, முடியும்வரை பொறுத்திருப்பதுமில்லை. முதலில் எனக்கு அது புதுமையாக இருந்தது. அரை மணித்தியாலம் போனதும் இதிலும் ஒரு சடங்கு இருப்பது தெரிந்தது. அவர் குறுக்கிடுவார், இவர் 'நான் சொல்லவருவது' என்பார், நேரம் முடிந்துவிடும். பணிவு எப்படி ஒரு வாய்பாடோ, குறுக்கீடும் அப்படியே ஒரு வாய்பாடாகிவிட முடியும். கேட்பவனுக்கு இரண்டிலும் தகவல் கிடைப்பதில்லை. பிரெக்சிட் சூடாக இருந்த மாதம் அது. மூன்று மணித்தியாலத்தில் அதைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிந்தது சொற்பமே.

இந்த ஆரவாரத்தின் நடுவில், 7.45 அளவில், 'தோட் ஃபோர் த டே' வருகிறது. நமது நற்சிந்தனைக்கு ஒப்பானது. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம், இந்து, சீக்கியர் என்று மாறி மாறிப் பேசுவார்கள். இஸ்லாமியக் கற்கைத் துறைப் பேராசிரியை மோனா சித்தீக்கி இதில் நெடுங்காலமாகப் பேசிவருபவர். இதற்கு ஓர் எழுதாத இலக்கணம் உண்டு: அந்த வாரத்து நாட்டு நடப்பில் காலூன்றித் தொடங்கவேண்டும், அங்கிருந்து நம்பிக்கைக்கு ஏறவேண்டும், இறங்கிவர நேரமில்லை. சிலருக்கு அந்த ஏற்றம் செயற்கையாகப் போய்விடுகிறது. 'இந்தக் கால்பந்தாட்டம் எனக்கு வேதத்தை நினைவூட்டுகிறது' என்ற ரீதியில். மதநம்பிக்கை இல்லாதோருக்கு அங்கே இடமில்லை என்ற முறைப்பாடும் நீண்ட காலமாக இருந்துவருகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டை நான் மெச்சுகிறேன். நமது நற்சிந்தனைகள் வசனத்தில் தொடங்கி விளக்கத்தில் முடிகின்றன. பல வேளைகளில் அவை தெருவுக்கு இறங்குவதே இல்லை. 20 வருடத்துக்கு முந்திய பிரதியை நாளைக் காலை வாசித்தாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, பஸ்ஸில் பக்கத்து ஆளோடு பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்ள நாங்கள் பழகியிருந்தோம். ஸலாம் சொல்வதைக்கூட மெதுவாகச் சொன்னோம். முந்திய வாரம் இதே நேரத்தில் ஒரு முஸ்லிம் பெண்மணி, எதற்கும் மன்னிப்புக் கேட்காமல், எதையும் நிரூபிக்க முயலாமல், ஒரு சாதாரண விடயத்தைச் சாதாரணமாகப் பேசக் கேட்டேன். அவர் என்ன பேசினார் என்பது நினைவிலில்லை. அந்தக் குரலின் சாவகாசம் நினைவிலிருக்கிறது.

9 மணிக்கு 'இன் அவர் டைம்'. வியாழக்கிழமையைத் தெரிவு செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். மெல்வின் பிராக் 1998இல் தொடங்கி 2025 வரை இதை நடத்தினார். ஒரு பொருள், மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணித்தியாலம். அவ்வளவுதான். பின்னணி இசை இல்லை. நேயர் அழைப்பு இல்லை. பிராக் முன்னுரையைக் கடகடவென்று வாசித்துவிட்டு நேரே முதலாவது ஆளிடம் போவார். ஒருவர் சுற்றி வளைத்தால், 'அதைப் பிறகு பார்ப்போம், முதலில் அவர் எங்கே பிறந்தார்?' என்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வருவார். அறிஞர்களைப் பேசவைப்பது கடினமல்ல, நிறுத்தவைப்பதுதான் கடினம். நமது இலக்கியக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் இதை அறிவார்கள்.

இந்நிகழ்ச்சியின் பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. அன்றிரவே மகளின் கணினியில் தேடி, இப்னு கல்தூன் பற்றிய 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் இமாம் கஸ்ஸாலி பற்றிய 2015ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்தடுத்த நாட்களில் கேட்டேன். விடயம் சுத்தம். மரியாதைக் குறைவு எங்குமில்லை. ஆனால் பேசியவர்கள் மேற்கத்தைய அறிஞர்கள். கஸ்ஸாலி அவர்களுக்கு ஓர் ஆய்வுப் பொருள். எங்கள் ஊர் மத்ரஸாவில் இஹ்யாவை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொடுத்த ஆலிமுக்கு அவர் வீட்டு மனிதர். அந்த இரண்டாவது வகை அறிவு அந்த மேசைக்கு வரவேயில்லை. வந்திருந்தால் உரையாடலின் வெப்பநிலையே மாறியிருக்கும். அதேவேளை, நம்மவர்கள் கஸ்ஸாலியைப் பற்றிப் பேசும்போது அந்த மூவரின் திகதிச் சுத்தமும் வாதச் சுத்தமும் இல்லாமலிருப்பதையும் நான் மறைக்கப்போவதில்லை.

10 மணிக்கு 'வுமன்ஸ் அவர்'. 1946இல் தொடங்கியது. முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் ஓர் ஆண் என்பது வேடிக்கை. நான் கேட்ட காலத்தில் ஜென்னி மரேயும் ஜேன் கார்வியும் நடத்திவந்தார்கள். பெண்களின் உடல்நலம் பற்றிய பேச்சு வந்தபோது, வாப்பா இருக்கிறேனே என்று மகள் வந்து சத்தத்தைக் குறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பவும் கூட்டிவிட்டு வெங்காயம் அரியப் போய்விட்டாள். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நினைவுக்கு வந்தது. எங்கள் பெண் எழுத்தாளர்கள் சிலரின் பெயரை நான் முதலில் அறிந்தது எந்தச் சஞ்சிகையிலும் அல்ல, அந்த நிகழ்ச்சியில்தான். அவர்கள் அதில் வாசித்தவற்றைத் தொகுத்துப் பார்க்க இன்று ஒருவர் முயன்றால், எங்கே போய்த் தேடுவது?

11 மணிக்கு வந்த 'ஃப்ரொம் அவர் ஓன் கொரஸ்பொண்டன்ட்' பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும். 1955இலிருந்து வரும் நிகழ்ச்சி. வெளிநாட்டுச் செய்தியாளர்கள், செய்தியில் சொல்லமுடியாமற் போனதை ஐந்து நிமிடக் கட்டுரையாக எழுதி, தாங்களே வாசிக்கிறார்கள். இதற்கு நம்மிடமுள்ள பெயர் உரைச்சித்திரம் என்பதற்கு மிக அருகில் வரும். கவனித்துக் கேட்டபோது அதன் கட்டு பிடிபட்டது. முதல் வசனத்தில் ஒரு பொருள் இருக்கும்: ஒரு நாற்காலி, ஒரு பூட்டிய கடை, ஒரு சப்பாத்து. அரசியல் அதற்குப் பிறகுதான். வசனங்கள் ஒரு மூச்சுக்கு மேல் நீள்வதில்லை. இலக்கங்கள் ஒன்று, இரண்டு. கடைசியில் அந்த நாற்காலியோ சப்பாத்தோ திரும்பவும் வந்து நிற்கும்.

அழகான வடிவம்தான். ஆனால் நான்கைந்து தொடர்ந்து கேட்டால் அச்சுத் தெரிகிறது. ஒருவருக்கு டாக்ஸி ஓட்டுநர் ஞானம் பேசுகிறார். இன்னொருவருக்குத் தேநீர்க் கடைக்காரர். செய்தியாளருக்கு மொழி தெரியாத நாட்டில் ஆங்கிலம் தெரிந்த முதல் மனிதர் அந்த நாட்டின் மனச்சாட்சியாகிவிடுகிறார். எங்கள் கடற்கரையைப் பற்றி ஒருவர் இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். தென்னை வரும், வெயில் வரும், ஒரு கிழவர் வருவார், அவர் கடலைப் பார்ப்பார். அந்தக் கிழவர் நானாகவும் இருக்கலாம். இருந்தும் கேட்கும்போது ஒரு சொல்லைக்கூடத் தவறவிட மனமில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றும் காதுக்கென்று எழுதப்பட்டிருந்தது.

எனக்கு இந்த விடயத்தைக் கற்பித்தவர் கொழும்பில் ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர். 1977இல் எனது முதல் வானொலிக் கதையோடு இரவு ரயிலேறி, விடிய டொரிங்டன் சதுக்கத்தில் போய் நின்றேன். அவர் பிரதியை வாங்கவில்லை. "நீங்களே சத்தமாக வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். முதற் பக்கத்தில் ஒரு வசனத்தின் நடுவில் எனக்கு மூச்சு முட்டியது. "பார்த்தீர்களா? கேட்கிறவருக்கும் இப்படித்தான் முட்டும்." பிறகு, கதையில் உம்மா மகனைப் பார்த்து 'இங்கே வந்து உணவருந்து' என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, "உங்கள் உம்மா இப்படியா கூப்பிடுவா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'இஞ்ச வா மனே, சோத்தத் தின்னு' என்று மாற்றினோம். 14 நிமிடக் கதை 10 நிமிடமாகச் சுருங்கி ஒலிபரப்பானது. ஊரில் உம்மா அதைக் கேட்டுவிட்டு, "என்ட கதயல்லவா இது" என்று சொன்னதாக அறிந்தேன். பிற்காலத்தில் அச்சில் வந்த எந்தக் கதைக்கும் எனக்கு அப்படியொரு திறனாய்வாளரும் கிடைக்கவில்லை, அப்படியொரு வாசகரும் கிடைக்கவில்லை.

லண்டனில் அன்று முழுவதும் நான் கேட்டது அந்தத் தயாரிப்பாளரின் வேலையைத்தான். நிகழ்ச்சிகள் எத்தனை வகை என்பது இரண்டாம் பட்சம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் இருந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நமது வானொலி உரைகளில் பெரும்பாலானவை கட்டுரைகள். 'அன்பார்ந்த நேயர்களே' என்ற தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வரும் கட்டுரைகள். இதற்கு நிலையத்தை மட்டும் குறை சொல்வது சரியல்ல. பிரதி எழுதுபவர்கள் நாமல்லவா?

மதியம் நுகர்வோர் நிகழ்ச்சி, 1 மணிக்குச் செய்தி. நான் ளுஹர் தொழுதுவிட்டு வந்தேன். 2 மணிக்கு 'தி ஆர்ச்சர்ஸ்'. முந்திய மாலை போனதன் மறு ஒலிபரப்பு. 1951 ஜனவரி 1ஆம் திகதி முதல் நாடு முழுவதற்கும் போய்க்கொண்டிருக்கும் தொடர் நாடகம். போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கதையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம். 13 நிமிடம். கதைசொல்லி இல்லை. வேலிப் படலை கிறீச்சிடும், கோப்பை மேசையில் வைபடும், அதிலிருந்து நாம் குசினியா தோட்டமா என்று தெரிந்துகொள்ளவேண்டியதுதான். யார் யாருக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியாவிட்டாலும், கோபித்துக்கொண்டு ஒருவர் எழும்பிப் போனது கதிரையின் சத்தத்திலேயே விளங்கியது. இந்தக் கிராமத்துக்கு 1991இல்தான் உஷா குப்தா என்ற இந்திய வம்சாவளிச் சட்டத்தரணி குடிவருகிறார். இங்கிலாந்து வீதிகளில் நம்மவர்கள் நிறைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு. தேசிய வானொலியின் காதும் சில வேளைகளில் மந்தம்தான்.

நமக்கும் தொடர் நாடகங்கள் இருந்தன. சானாவின் 'லண்டன் கந்தையா'வை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' ஒலித்த நேரத்தில் தெருவில் நடந்துபோனால், வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே முழு அங்கத்தையும் முடித்துவிடலாம். யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை நாங்கள் கிழக்கிலிருந்து பழகிக்கொண்டது அப்படித்தான். எங்கள் பேச்சை யாழ்ப்பாணத்தார் அந்த அளவுக்குக் கேட்டார்களா என்பது வேறு கேள்வி. மருதமுனைத் தறிக்காரனும் பேருவளை மாணிக்க வியாபாரியும் மன்னார்க் கமக்காரனும் தத்தம் தமிழில் சண்டைபிடிக்கும் 13 நிமிடத்தை யாராவது எழுதவேண்டும் என்று கொப்பியின் ஓரத்தில் குறித்துவைத்தேன். குறிப்பு இன்னும் குறிப்பாகவே இருக்கிறது.

பிற்பகல் நாடகம், கிராமப்புற நடை, திரைப்படம், விஞ்ஞானம் எல்லாம் வந்து போயின. அஸருக்குப் பின் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 6 மணிக்கு பிக் பென் மணியோசையோடு செய்தி. ஒக்டோபர் நடுவில் அங்கே மஃரிபும் ஏறத்தாழ அந்நேரம்தான். இப்தார் வேளையில் வானொலி அதானுக்காகக் காத்திருந்து பழகிய எனக்கு, அந்த மணியோசையில் கை தன்னையறியாமல் தண்ணீர்க் குவளையைத் தேடியது. 6.30க்கு நகைச்சுவை. அரங்கிலிருந்தவர்கள் சிரித்தார்கள், மருமகனும் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இன்னொரு சமூகத்தின் பகிடி கடைசியாகத்தான் விளங்கும்.

இரவு 10.45க்கு 'புக் அட் பெட்டைம்'. ஒரு நாவலைச் சுருக்கி, நாளுக்குக் கால் மணித்தியாலமாக ஒரு நடிகர் வாசிக்கிறார். முடிவில் எழுதியவர், வாசித்தவர் ஆகியோரோடு சுருக்கியவர் பெயரையும் அறிவித்தார்கள். சுருக்குவதும் ஒரு கலை என்று ஏற்றுக்கொண்ட அந்தக் கணம் எனக்குப் பிடித்தது. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. அதன் பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வாசித்தவர்கள் எத்தனை பேர்? நல்ல குரலுள்ள ஒருவர் பத்து இரவுகளில் அதை வாசித்தால், பிள்ளைகள் உறங்கிய பின் எத்தனையோ வீடுகளில் அது கேட்கும். இதற்குப் பெரிய பணமொன்றும் தேவையில்லை. சுருக்குவதற்கு ஓர் எழுத்தாளர் தேவை.

நள்ளிரவுச் செய்திக்குப் பிறகு ஒரு மெல்லிசை. தொடர்ந்து 12.48க்கு, காலையில் எனக்கு விளங்காத அதே கடல் வானிலை. இம்முறை விளங்கியது. பிரித்தானியத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 31 பரப்புகளாகப் பிரித்து, வைக்கிங்கில் தொடங்கி வலஞ்சுழியாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். காற்று, மழை, பார்வைத் தூரம். வினைச்சொற்கள் அநேகமாக இல்லை. முழு அறிக்கையும் ஏறத்தாழ 350 சொற்களுக்குள் அடங்கவேண்டும், இரவு அறிக்கைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஃபிட்ஸ்ரோய் என்ற பரப்பு 2002 வரை ஃபினிஸ்டர் என்று அழைக்கப்பட்டது. 1859இல் 'ரோயல் சார்ட்டர்' கப்பல் புயலில் உடைந்த பிறகு, 1861இல் புயல் எச்சரிக்கையைத் தொடக்கிவைத்த ரொபர்ட் ஃபிட்ஸ்ரோயின் பெயரைப் பின்னர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் இதைக் கவிதை என்று சொல்லி உருகுவதுண்டு. கப்பலில் போகாதவர்களே அப்படி உருகுவார்கள் போலும். எனக்கு அது கவிதையாகப் படவில்லை. அந்த நாளில் நான் கேட்டவற்றுள், ஒரு சொல் பிழைத்தால் ஓர் ஆள் போய்விடக்கூடிய ஒரே பேச்சு அதுதான் என்று பட்டது.

2004 டிசெம்பர் 26, போயா ஞாயிறு. எங்கள் வீட்டிலும் வானொலி பாடிக்கொண்டிருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை, ஆகவே சொல்வதற்கு எவரிடமும் ஒரு சொல்லும் இருக்கவில்லை. எனது வானொலிப் பிரதிகள், 1977இலிருந்து சேர்த்தவை, அலமாரியோடு போயின. அதைப் பெரிய இழப்பென்று இங்கு எழுதக் கை வரவில்லை. அந்தத் தெருவில் போனவை அவை மட்டுமல்ல.

மகள் தண்ணீர் குடிக்க வந்து, "வாப்பா, இன்னும் படுக்கல்லையா?" என்றாள். வானொலியில் தேசிய கீதம் முடிந்து, 1 மணிக்கு உலக சேவை தொடங்கியிருந்தது. நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், எங்கள் வானிலை அறிக்கையில் வழக்கமாக வரும் கடற்பரப்புகளை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை. எழுதிவிட்டு, வீட்டார் எழும்பாதபடி, சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். எந்த இடத்திலும் மூச்சு முட்டவில்லை.